தானோட்டிச் சரக்குந்தின் காண்டலும் கருதலும்: நெடுஞ்சாலை உணர்வமைப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓட்டுநரின்றி நெடுஞ்சாலையில் செல்லும் சரக்குந்து, சாலையை எவ்வாறு அறிகிறது, அறிந்ததைக் கொண்டு எவ்வாறு வழிசெல்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சாசு, அரிசோனா மாநிலங்களில் இத்தொழில்நுட்பம் பெற்ற பட்டறிவு சான்றாகக் கொள்ளப்படுகிறது. சரக்குந்தின் எடையும் அது நிற்பதற்குத் தேவையான தொலைவும் அதன் உணரிகளின் அமைப்பைத் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் முதற்கருத்து. ஐயத்திற்கிடமான பொருளை ஐயப்பொருளாகவே நினைவில் வைத்துத் தொடர்ந்து கவனிப்பதே பாதுகாப்பின் அடிப்படை என்பது இரண்டாம் கருத்து. இவற்றை விளக்குவதற்குத் தமிழ் அளவையியலின் காண்டல், கருதல், உரை என்னும் கலைச்சொற்கள் பயன்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தானோட்டிச் சரக்குந்து, உணரி, லிடார், ரேடார், இடமறிதல், அளவை, ஐயம், அறிவியல் தமிழ்

1. முன்னுரை

2025ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் அரோரா என்னும் நிறுவனம், டாலசுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஓட்டுநரில்லாச் சரக்குந்துகளின் வணிகப் போக்குவரத்தைத் தொடங்கியதாக அறிவித்தது. இவ்விரு நகரங்களையும் 45ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலை இணைக்கிறது. அதே மாதத்தில், உந்தினைத் தயாரித்த நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்று, ஓட்டுநர் இருக்கையில் மீண்டும் ஒரு நோக்கர் அமர்த்தப்பட்டார். உந்தினை இயக்குவது அவர் பணியன்று. எனினும் இருக்கை வெறுமையாக இருக்கவில்லை. இத்தொழில்நுட்பம் 2025இல் நின்ற இடத்தை இவ்விரு செய்திகளும் சேர்ந்தே காட்டுகின்றன.

இம்முயற்சியின் பொருளியற் காரணம் வெளிப்படையானது. அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் பத்து மணிநேரத் தொடர் ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். பொறிக்கு இவ்வரம்பு தேவைப்படாது. இதன் மறுபக்கத்தில் ஓட்டுநர்களின் வாழ்வாதாரமும், சாலையைப் பகிர்ந்துகொள்ளும் பொதுமக்களின் உயிரும் நிற்கின்றன. ஆகவே பொறி எதனை அறிகிறது, எதனை அறியாது என்பதை விளங்கிக்கொள்வது பொறியாளர்க்கு மட்டும் உரிய பணியன்று.

கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு இங்குத் தேவையாகிறது. 'தானியங்கி' என்னும் சொல், முன்னரே வகுத்த செயலை மாற்றமின்றித் திரும்பச் செய்யும் எல்லாப் பொறிகளையும் குறிக்கும். பல்லிணையைத் தானே மாற்றும் உந்தும் தானியங்கியே. சூழலை அறிந்து, தெரிந்து, முடிவெடுத்துச் செல்லும் உந்தினை அதனின்று வேறுபடுத்த வேண்டியுள்ளமையால், 'தானோட்டி' என்னும் சொல்லை இக்கட்டுரை ஆள்கிறது.

அவ்வாறே, பொறி சாலையைப் 'பார்க்கிறது' என்று கூறுவது எளிது. ஆனால் அது பொறியின் செயலை மறைத்துவிடும். பொறி அளக்கிறது, அளந்தவற்றிலிருந்து உய்த்துணர்கிறது, முன்னரே பதிந்து வைத்த செய்தியோடு ஒப்பிடுகிறது. அறிவைத் தரும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறும் மரபு தமிழில் உண்டு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இம்மூன்றையும் அளவைப் பகுதியில் விரித்துரைக்கிறது. மணிமேகலையும் சமயக்கணக்கர் வாதங்களின் ஊடே அளவைகளை எடுத்துரைக்கிறது. தற்காலப் பொறியியலை முன்னோர் அறிந்திருந்தனர் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பொருத்தமான சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை வைத்துப் புதியதொன்றைத் தெளிவாகக் கூறலாம் என்பதே நோக்கம்.

2. வரலாற்றுப் பின்புலம்

செருமனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்னும் அறிஞரின் குழு, ஒளிப்படக்கருவிகளும் கணிப்பொறிகளும் பொருத்திய மெர்சிடிஸ் கூண்டுந்து ஒன்றை 1987இல் போக்குவரத்தற்ற நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் செலுத்திக் காட்டியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பா, 2004இல் மொகாவி பாலைநிலத்தில் தானோட்டி உந்துகளுக்கான போட்டியை நடத்தியது. ஏறத்தாழ 240 கி.மீ. நீளப் பாதையில், முந்திச் சென்ற உந்தும் 12 கி.மீ. தொலைவைக்கூடக் கடக்கவில்லை. மறு ஆண்டே ஐந்து உந்துகள் 212 கி.மீ. பாதையை முழுமையாகக் கடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' ஏழு மணி நேரத்திற்குள் முடித்து வென்றது. கடைசியாக வந்தது 'டெராமேக்ஸ்' என்னும் கனரகப் படைத்துறைச் சரக்குந்து; பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலான ஓட்டத்தின் பின் அது இலக்கை அடைந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புத்தாதுச் சுரங்கங்களில் 2008 முதல் தானோட்டிச் சரக்குந்துகள் பயன்படுகின்றன. அங்குச் சாலையும் பிற உந்துகளும் ஒரே நிருவாகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. பொதுச்சாலையில் அவ்வாறில்லை. 2021 திசம்பரில் அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து ஃபீனிக்சு வரை, 130 கி.மீ. அளவிலான தொலைவைச் சரக்குந்து ஒன்று உள்ளே எவருமின்றி இரவில் கடந்தது. 2014இல் வெளியான எஸ்.ஏ.இ. தரப்பாகுபாடு, தானோட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வகுத்தபோது, நான்காம் நிலைக்கு ஓர் எல்லை வகுத்தது. குறிப்பிட்ட சாலை, வானிலை, வேகம் ஆகிய வரம்பிற்குள் மட்டும் மனித உதவியின்றி இயங்குவது நான்காம் நிலை. இன்றைய சரக்குந்துகள் இந்நிலைக்கு உரியன.

3. எடையும் தொலைவும்

சரக்குந்தின் உணர்வமைப்பு மகிழுந்தின் உணர்வமைப்பினின்று வேறுபடுவதன் காரணம் எடையே. அமெரிக்க மாநிலங்களிடை நெடுஞ்சாலையில் சரக்கோடு செல்லும் உந்தின் எடை பொதுவாக 80,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 36 டன் வரை அனுமதிக்கப்படுகிறது. மணிக்கு 65 மைல் வேகம் என்பது நொடிக்கு 29 மீட்டர்.

ஓர் எளிய கணக்கு இதன் பொருளை விளக்கும். பிரேக்கினால் விளையும் எதிர்முடுக்கத்தை, உலர்ந்த சாலையில் நொடிக்கு நொடி 4 மீட்டர் எனக் கொள்வோம். வேகத்தின் இருபடியை எதிர்முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், நிற்கும் தொலைவு 105 மீட்டர் எனக் கிடைக்கும். இடரைக் கண்டு பிரேக்கை அழுத்த மனிதர்க்கு ஒன்றரை நொடி ஆகுமெனில், அதற்குள் உந்து மேலும் 44 மீட்டர் சென்றிருக்கும். ஆக, தேவைப்படும் தொலைவு ஏறத்தாழ 149 மீட்டர். வழுக்கும் சாலையில் எதிர்முடுக்கம் பாதியாகக் குறைந்தால், இத்தொலைவு 254 மீட்டராக உயரும்.

இனி, பொறி மனிதரைவிட விரைவாக, அரை நொடியில் செயற்படுவதாகக் கொள்வோம். மிச்சமாவது 29 மீட்டர் மட்டுமே. வழுக்கும் சாலைக்குரிய 254 மீட்டரில் இது ஒன்பதில் ஒரு பங்குதான். எஞ்சிய தொலைவை எடையும் உராய்வும் எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு விரைவான கணிப்பொறியாலும் அதனைக் குறைக்க இயலாது. எனவே விரைந்து செயற்படுவதைவிடத் தொலைவில் அறிவதே சரக்குந்திற்கு முதன்மையாகிறது. நகர்த் தெருவில் மெல்லச் செல்லும் மகிழுந்திற்குப் போதுமான உணரி, நெடுஞ்சாலைச் சரக்குந்திற்குப் போதாமல் போவது இதனாலேயே.

நிற்பது மட்டுமன்று, தடம் மாறுவதற்கும் தொலைவு வேண்டும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், சாலையோரம் நிற்கும் காவல், மருத்துவ ஊர்திகளைக் கண்டால் அடுத்த தடத்திற்கு விலகவோ வேகத்தைக் குறைக்கவோ வேண்டும் என்னும் சட்டம் உள்ளது. 300 மீட்டர் தொலைவில் அவ்வூர்தியை அறிந்தாலும் கையிலிருப்பது பத்து நொடிகளே. அதற்குள் பக்கத் தடத்தில் இடம் தேடி, பதினாறு மீட்டர் நீள டிரெய்லரோடு விலக வேண்டும்.

4. காண்டல்: மூவகை உணரிகள்

தானோட்டிச் சரக்குந்தின் காண்டல் பெரும்பாலும் மூவகை உணரிகளால் நிகழ்கிறது. ஒவ்வொன்றும் மற்றொன்றின் குறையை ஈடுசெய்யும் வகையில் அமைந்துள்ளது.

முதலாவது ஒளிப்படக்கருவி. நிறத்தையும் எழுத்தையும் அறியவல்லது இதுவே. தடக்கோடு வெள்ளையா மஞ்சளா, முன்செல்லும் உந்தின் விளக்கு சிவந்ததா என்பவற்றை வேறெந்த உணரியும் இவ்வளவு தெளிவாகத் தருவதில்லை. 30 பாகைக் காட்சியை 3,840 படப்புள்ளிகளில் பதியும் கருவியில், 300 மீட்டர் தொலைவிலுள்ள அரை மீட்டர் அகலப் பொருள் ஏறத்தாழ 12 புள்ளிகள் அகலமாகத் தோன்றும். எனினும் அப்புள்ளிகள் தொலைவை நேரடியாகக் கூறுவதில்லை. அதனைக் கணித்தே பெற வேண்டும். மாலை வெயில் நேரே விழும்போதும் இருளிலும் இதன் திறன் குன்றும்.

இரண்டாவது ரேடார். 77 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையை வீசி, பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு பொருளின் தொலைவை அறிகிறது. நெருங்கும் பொருளினின்று திரும்பும் அலையின் அதிர்வெண் கூடும். விலகும் பொருளினின்று திரும்புவது குறையும். டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றத்தால் வேகமும் உடனே தெரிகிறது. அலைநீளம் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் ஆதலால் மழையும் மூடுபனியும் புழுதியும் இதனைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆனால் உருவத்தை நுணுகிக் காட்டும் ஆற்றல் இதற்குக் குறைவு. சாலையில் அசையாது நிற்கும் உந்தையும் சாலைக்கு மேலுள்ள அறிவிப்புப் பலகையையும் வேறுபடுத்துவது கடினம். ஆகவே, பழைய ஓட்டுநர்-உதவி அமைப்புகள் பல, அசையாப் பொருள்களின் எதிரலைகளைப் பொருட்படுத்தாமல் விட்டன. மனித ஓட்டுநர் சாலையை நோக்கியிருக்கும்வரை அது ஏற்கத்தக்க குறை. அவர் இல்லாதபோது அது பெருங்கேடு.

மூன்றாவது லிடார். சீரொளிக் கதிரை வீசி, அது திரும்பும் நேரத்தை அளந்து, சூழலை முப்பரிமாணப் புள்ளித்திரளாக வரைகிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள பொருளைத் தொட்டு ஒளி மீள ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. இருளிலும் தொலைவைத் துல்லியமாகத் தருவது இதன் சிறப்பு. இதன் எல்லையையும் ஒரு கணக்கால் அறியலாம். அடுத்தடுத்த கதிர்களுக்கிடையே பத்தில் ஒரு பாகை இடைவெளி இருப்பின், 300 மீட்டர் தொலைவில் அவ்விடைவெளி 52 சென்டிமீட்டராக விரியும். சாலையில் கிடக்கும் அரை மீட்டர் அகல டயர்த்துண்டின்மேல் ஒரு கதிர் விழலாம், விழாமலும் போகலாம். ஆகவே நெடுந்தொலைவு லிடாரில், முன்னோக்கிய குறுகிய பரப்பில் கதிர்கள் செறிவாகச் செலுத்தப்படுகின்றன.

லிடாரின் அலைநீளமும் கருதத்தக்கது. 905 நானோமீட்டர் ஒளி கண்ணின் விழித்திரையை எட்டுமாதலால் அதன் ஆற்றலை மிகக் கட்டுப்படுத்த வேண்டும். 1,550 நானோமீட்டர் ஒளியைக் கண்ணின் முற்பகுதியிலுள்ள நீர்மம் உறிஞ்சிக்கொள்வதால், கூடுதல் ஆற்றலோடு வீசித் தொலைவை எட்டலாம். மேலும், ஒளித்துடிப்புகளுக்கு மாற்றாக, அதிர்வெண் சீராக மாறும் தொடரொளியை வீசும் லிடார்கள், ஒவ்வொரு புள்ளியிலும் தொலைவோடு வேகத்தையும் தருகின்றன. அரோரா நிறுவனம் பயன்படுத்தும் லிடார் இவ்வகையது; 450 மீட்டருக்கு அப்பாலும் பொருளை அறியும் என்று அந்நிறுவனம் கூறுகிறது.

இவ்வுணரிகளை எங்குப் பொருத்துவது என்பதும் சரக்குந்துக்கே உரிய சிக்கல். டிரெய்லர் இழுவை உந்தின் நிலையான பகுதியன்று. ஒவ்வொரு பயணத்திலும் மாறுவது. அதில் உணரியைப் பொருத்த இயலாது. எனவே எல்லா உணரிகளும் முன்னுள்ள இழுவை உந்தின் கூரையிலும், பக்கக் கண்ணாடிகள் இருக்கும் இடங்களிலும் அமைகின்றன. உயரம் தொலைவைக் காண உதவும். ஆனால் டிரெய்லரின் நேர்பின்னே ஒரு மறைவிடம் எஞ்சும். ஓட்டுநர் அறை காற்றுத் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் பயணம் முழுதும் அசையும். உணரி அரைப் பாகை திரும்பினாலும், 300 மீட்டர் தொலைவில் பொருளின் இடம் இரண்டரை மீட்டர் பிழைபடும்; அடுத்த தடத்தில் செல்லும் உந்து நம் தடத்தில் செல்வதாகத் தோன்றிவிடும். ஆகவே ஓட்டத்தின்போதே உணரிகளின் நோக்குத்திசையை இடைவிடாது சரிபார்த்துத் திருத்த வேண்டியுள்ளது.

5. உரை: வரைபடமும் இடமறிதலும்

அமெரிக்க நெடுஞ்சாலைத் தடத்தின் அகலம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். சரக்குந்தின் அகலம் 2.6 மீட்டர். தடத்தின் நடுவே சென்றால் இருபுறமும் எஞ்சுவது அரை மீட்டர். செயற்கைக்கோள்வழி இடமறிதலோ, திருத்தம் ஏதுமின்றிப் பயன்படுத்தினால், சில மீட்டர் பிழையுடையது. பாலங்களுக்கு அடியில் குறிகை தடைப்படும். ஆகவே தன் இடத்தை அறிய உந்து வேறு துணையை நாடுகிறது.

அத்துணையே முன்னரே வரையப்பட்ட நுண்வரைபடம். உணரிகள் பொருத்திய உந்துகள் அதே சாலையில் முன்பு சென்று, தடக்கோடுகள், தடுப்புச் சுவர்கள், அறிவிப்புப் பலகைகள், சாலையின் சரிவு ஆகியவற்றைச் சென்டிமீட்டர் அளவில் பதிந்திருக்கும். ஓடும் உந்து, தன் லிடார் இக்கணம் தரும் புள்ளித்திரளை இப்பதிவோடு பொருத்திப் பார்த்து, எந்த இடத்தில் இருந்தால் இரண்டும் பொருந்தும் என்று கணித்துத் தன் இடத்தை அறிகிறது. அடுத்தடுத்த பொருத்தங்களுக்கு இடையே, சக்கரச் சுழற்சியின் எண்ணிக்கையும், முடுக்கத்தையும் திருப்பத்தையும் அளக்கும் நிலைம அளவியும் இடைவெளியை நிரப்புகின்றன. 1960இல் ருடால்ஃப் கால்மன் வகுத்த வடிகட்டி முறையும் அதன் வழிவந்த முறைகளும் இப்பல்வகை அளவீடுகளை, அவற்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடையிட்டு ஒன்றாக்குகின்றன.

நம்பத்தக்கோர் கூறியதைக் கொண்டு அறிவதே உரையளவை. வரைபடம் இத்தகையது. வளைவுக்கு அப்பால் சாலை எப்புறம் திரும்பும், எத்தடம் முடிவடையும் என்பவற்றை உணரிகளுக்கு எட்டுமுன்பே அது கூறுகிறது. ஆயினும் உரை பழையதாகிவிடலாம். சாலைப் பணிக்காகக் கூம்புகள் வைத்துத் தடத்தை மாற்றியிருப்பின் வரைபடம் பொய்த்துவிடும். அப்போது காண்டலையே கொண்டு உரையை மறுக்க வேண்டும். அதற்கு, வரைபடத்தின் துணையின்றியும் தடத்தை இனங்காணும் ஆற்றல் உந்திற்கு இருத்தல் வேண்டும். எந்த அளவையை எப்போது நம்புவது என்னும் இவ்வினா, உணரிகளை உருவாக்குவதைவிடக் கடினமானது.

6. ஐயமும் பெயரும்

உணரிகள் தருவன புள்ளிகளும் எண்களுமே. அவற்றுள் எவை ஒரு பொருளைச் சேர்ந்தவை, அப்பொருள் யாது என்பதை முடிவுசெய்வது மென்பொருள். மனிதர் பெயரிட்டுக் குறித்த பேரளவிலான படங்களையும் புள்ளித்திரள்களையும் கொண்டு பயிற்றிய நரம்பியல் வலையமைப்பு இப்பணியைச் செய்கிறது. அதன் விடை உறுதிக்கூற்று அன்று. இது மனிதனாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, மிதிவண்டியாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்னும் பகிர்வே.

இங்குப் பெயரிடுதல் உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லதாகிறது. 2018 மார்ச்சு 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்திலிருந்த தானோட்டி மகிழுந்து ஒன்று, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது மோதியதில் அவர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் தன் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே உணரி அவரை அறிந்திருந்தது. ஆனால் மென்பொருள் அவரை ஊர்தி, இன்னதென அறியாப் பொருள், மிதிவண்டி என மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்த வரலாறு கணக்கில் கொள்ளப்படாமல் போயிற்று. வரலாறு இல்லாத பொருள் எங்குச் செல்லும் என்று கணிக்க இயலாது. கடவைக்கு வெளியே நடந்து சாலையைக் கடப்பவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதற்கும் அவ்வமைப்பில் இடமிருக்கவில்லை. இருக்கையிலிருந்த மனித ஓட்டுநரின் கவனக்குறைவும் நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாட்டுக் குறையும் அவ்வறிக்கையில் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

காண்டலில் குறை இல்லை. பொருள் உரிய நேரத்தில் அறியப்பட்டது. பிழை பெயரிடுதலில் நேர்ந்தது. பெயர் மாறியபோது பொருளே புதிதாகிவிட்டதுபோல் பொறி நடந்துகொண்டது.

இவ்விடத்தில் தமிழ் இலக்கணத்தின் ஒரு வரையறை நினைக்கத்தக்கது. ஐயத்திற்குரிய சொல்லாட்சியைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் வகுத்துரைக்கிறது. தொலைவில் தோன்றுவது மரக்குற்றியோ மனிதனோ என்னும் ஐயத்தை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருவர். அவ்வாறு திணை ஐயம் நேருமிடத்து, இருதிணைக்கும் பொதுவாகிய 'உருபு' என்னும் சொல்லால் அப்பொருளைச் சுட்டலாம் என்பது அவர்தம் விளக்கம். இவ்விதியின் நுட்பம் யாதெனில், ஐயம் தீருமுன் ஒரு திணைக்குள் பொருளை அடைத்துவிடாமலும், ஐயம் காரணமாகப் பொருளைப் பேச்சினின்று விட்டுவிடாமலும் மொழி அதனை நிறுத்திக்கொள்கிறது. பின்னர் ஐயம் தீர்ந்தபோது அதே பொருளுக்கு உரிய பெயர் கிடைக்கிறது.

தானோட்டப் பொறியியல் இத்தகைய தேவையையே எதிர்கொள்கிறது. பொருளைத் தொடர்ந்து கவனிக்கும் பணியையும் அதற்குப் பெயரிடும் பணியையும் பிரித்துவைப்பது இதற்குரிய தீர்வு. வகை எதுவாயினும், இடம் அடைத்துக்கொண்டு இத்திசையில் இவ்வேகத்தில் நகரும் ஒன்று உள்ளது என்னும் பதிவு மாறாது நிற்கும். பெயர் அதன்மேல் ஏறி இறங்கும் குறிப்பாக மட்டும் அமையும். பயிற்சியில் ஒருபோதும் காணாத பொருளுக்கும், எடுத்துக்காட்டாக உந்திலிருந்து விழுந்த கட்டிலுக்கும், இதனால் இடம் கிடைக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் அதன்மேல் ஏறலாகாது என்பது தெரிந்தால் போதும்.

7. கருதல்: எதிர்காலக் கணிப்பும் வழித்தெரிவும்

இக்கணத்தில் சாலை எவ்வாறுள்ளது என அறிவது போதாது; அடுத்த பத்து நொடிகளில் எவ்வாறிருக்கும் என உய்த்துணர வேண்டும். இணைப்புச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் நுழையும் மகிழுந்து ஒன்றைக் கருதுவோம். அது விரைந்து சரக்குந்தின் முன்னே நுழையலாம். வேகத்தைக் குறைத்துப் பின்னே சேரலாம். பொறி இவ்விரண்டையும் தனித்தனி வாய்ப்புகளாகக் கணித்து வைக்கிறது. அம்மகிழுந்தின் வேகமும் திசையும் புதிதாக அளக்கப்படுந்தோறும், ஒன்றின் வாய்ப்பு ஏறி மற்றொன்றின் வாய்ப்பு இறங்குகிறது.

இக்கணிப்புகளின்மேல் வழித்தெரிவு நிகழ்கிறது. உந்து செல்லக்கூடிய பல பாதைகள் வரையப்பட்டு, மோதல் இடர், சாலை விதி, பிரேக்கின் கடுமை, சரக்கின் நிலைப்பு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. ஒரு நொடிக்குள் பலமுறை இச்செயல் திரும்ப நிகழ்கிறது. சரக்குந்து விரைந்து முடுகவோ திடுமெனத் திரும்பவோ இயலாததாகையால், நல்ல வழித்தெரிவு என்பது பெரும்பாலும் முன்கூட்டியே இடம் விட்டுக்கொடுப்பதாகவே அமையும். முன்செல்லும் உந்துக்குப் பின்னே போதிய இடைவெளி விடுதலும், இணைப்புச் சாலை வருமுன்பே இடத்தடத்திற்கு மாறுதலும் இத்தகையன. அனுபவமிக்க ஓட்டுநரின் பொறுமையும் இதுவே.

8. இயக்கமும் காலமும்

தெரிந்த பாதையில் உந்தைச் செலுத்துவது இறுதிப்படி. இழுவை உந்தும் டிரெய்லரும் ஒரு மூட்டில் இணைந்தவை. திருப்பத்தில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் சுவட்டில் செல்லாமல் உட்புறமாக ஒதுங்கும். கடும் பிரேக்கில் இழுவை உந்து நிலைதவறினால், இரு பகுதிகளும் மடக்குக்கத்திபோல் மடங்கிவிடும். வெற்று டிரெய்லரைப் பக்கக்காற்று தள்ளும். காற்றழுத்த பிரேக்கில் ஆணைக்கும் செயலுக்கும் இடையே சிறு தாமதம் உண்டு. ஆகவே உந்தின் எடையையும் மறுமொழியையும் பயணத்தின்போதே மதிப்பிட்டு ஆணைகளைத் திருத்த வேண்டியுள்ளது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை காலம். 2022 ஏப்ரலில், டூசான் அருகே நெடுஞ்சாலையில் சோதனை ஓட்டத்திலிருந்த சரக்குந்து ஒன்று திடுமென இடப்புறம் திரும்பித் தடுப்புச் சுவரில் உரசியது. உள்ளே மனிதர் இருந்தனர். பெருங்காயம் எவர்க்கும் இல்லை. தானோட்டத்தை இயக்கியவுடன், ஏறத்தாழ இரண்டரை நிமிடத்திற்கு முன்பு கணிக்கப்பட்டு நீக்கப்படாதிருந்த திருப்ப ஆணை ஒன்று நிறைவேற்றப்பட்டதே காரணம் எனப் பின்னர்ச் செய்திகள் வெளியாயின. நொடிக்கு 29 மீட்டர் செல்லும் உந்தில், இரண்டரை நிமிடத்திற்கு முந்தைய ஆணை நான்கு கிலோமீட்டருக்கு முந்தைய சாலைக்கு உரியது. ஒவ்வோர் அளவீடும் ஆணையும் பிறந்த நேரத்தைத் தாங்கி நிற்கவும், காலம் கடந்தது தானே செல்லாததாகவும் வேண்டும் என்பது இந்நிகழ்வு தரும் பாடம்.

பழுது நேர்ந்தால் உந்து என்ன செய்யும் என்பதும் வடிவமைப்பின் பகுதியே. ஸ்டியரிங், பிரேக், மின்வழங்கல், கணிப்பொறி ஆகியன இரட்டையாக அமைக்கப்படுகின்றன. உணரி ஒன்று பழுதுற்றாலோ வானிலை வரம்பு மீறினாலோ, உந்து தானே சாலையோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனால் நிற்பதோடு கடமை முடிவதில்லை. நெடுஞ்சாலையில் நின்ற சரக்குந்தின் ஓட்டுநர், பத்து நிமிடத்திற்குள் இறங்கிச் சென்று எச்சரிக்கை முக்கோணங்களைக் குறித்த தொலைவுகளில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஓட்டுநரில்லா உந்தில் இறங்கிச் செல்வார் யார்? முக்கோணத்திற்கு மாற்றாக ஓட்டுநர் அறையில் எச்சரிக்கை விளக்குகளைப் பொருத்த அனுமதிக்குமாறு 2023இல் இரு நிறுவனங்கள் விண்ணப்பித்தன. 2024 திசம்பரில் அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2025இல் நிபந்தனைகளோடு தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. ஓட்டுதல் என்னும் ஒரு சொல்லுக்குள் சக்கரத்தைத் திருப்பாத எத்தனை செயல்கள் அடங்கியுள்ளன என்பதை இச்சிறு முக்கோணம் உணர்த்துகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன வருமாறு:

அ. சரக்குந்தின் எடையே அதன் உணரிகள் எட்டவேண்டிய தொலைவை வரையறுக்கிறது. செயல்விரைவால் கிடைக்கும் நன்மை சிறிது. தொலைவில் அறிவதால் கிடைக்கும் நன்மை பெரிது.

ஆ. ஒளிப்படக்கருவி, ரேடார், லிடார் ஆகிய மூன்றனுள் எதுவும் தனித்து முழுமையான காண்டலைத் தருவதில்லை. வரைபடமாகிய உரை அதற்குத் துணை. ஆனால் காலத்தால் பழுதுபடக்கூடிய துணை.

இ. பொறியின் பெரும்பிழைகள் புலனறிவின் குறையால் மட்டும் விளைவதில்லை. டெம்பி நிகழ்வில் பெயர் மாறியது. டூசான் நிகழ்வில் காலம் கடந்தது. இரண்டிலும், முன்னர் அறிந்ததை இன்று எவ்வாறு பேணுவது என்னும் வினாவே பொதுவாக நிற்கிறது.

ஈ. ஐயத்தை மறைக்காமல் ஐயமாகவே பேணுவது, பொறியின் பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. ஐயமும் திரிவும் நீங்கியதையே மாசற்ற காட்சியாகக் கொள்ளும் அளவை மரபும், ஐயப்பொருளுக்குப் பொதுச்சொல் வகுத்த இலக்கண மரபும் இதனை விளக்கும் சொல்வளத்தைத் தமிழுக்குத் தருகின்றன.

அறிவியல் தமிழ் என்பது பிறமொழிச் சொல்லுக்கு ஈடான சொல்லைத் தேடித் தருவதோடு நிறைவதில்லை. 'பார்க்கிறது' என்று எழுதுவதா, 'அளக்கிறது' என்று எழுதுவதா என்னும் தெரிவில், பொறியின்மீது நாம் வைக்கும் நம்பிக்கையின் அளவும் அடங்கியுள்ளது. ஓட்டுநர் இருக்கை வெறுமையாகும் நாளில், அவ்வுந்தின் முன்னே சாலையைக் கடப்பவர், தாம் அதன் கணக்கில் எவ்வாறு குறிக்கப்படுகிறோம் என்பதைத் தம் மொழியில் அறிந்திருத்தல் வேண்டும்.